நானே பதிந்த வீட்டுப்பேர்

கரமனையில் வாடகை வீட்டின் முன்னறையில் மூன்று தையல் மெஷின் போட்டு நைட்டி தைத்துக்கொண்டிருந்த காலத்தில் அப்படி ஒரு தொழில் இருப்பதே அரசாங்கத்துக்குத் தெரியாது. தைத்ததைச் சனிக்கிழமைதோறும் பெரிய பையில் கட்டி, பஸ்ஸில் கிழக்கேகோட்டைக்குப் போய், அங்கிருந்து சாலைக் கடைத்தெருவுக்கு நடந்து, ஒரே ஒரு மொத்தக் கடையில் கொடுத்துவிட்டு வருவேன். தொண்ணூறுகளின் பின்பாதி அது. திருவனந்தபுரத்துப் பெண்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் நைட்டிக்கு மாறியிருந்தார்கள். பால் வாங்க வாசலுக்கு வருவதும் நைட்டியில்தான், தோளில் ஒரு துண்டு, அவ்வளவுதான். அதனால் எங்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

எங்களுக்கு என்றால் மூன்று பேர். நான் கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். இன்னொருத்தி நெய்யாற்றின்கரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் மலையாளப் பெண், காஜா எடுப்பதில் கெட்டிக்காரி. மூன்றாவது, ஆற்றங்கரை அக்கிரகாரத்து மாமி. ஐம்பதைத் தாண்டியவர், பிள்ளை இல்லை, மாமாவுக்குக் கோயில் மடப்பள்ளியில் வேலை. கழுத்துப்பட்டி தைப்பதில் மாமிக்கு நிகர் யாரும் கிடையாது. அவர் தைத்ததைத் திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று தெரியாது.

ஒரு சனிக்கிழமை கடைக்காரர் பையை அவிழ்க்காமலே ஓரமாகத் தள்ளினார்.

"இனி பில்லு வேணும், சேச்சி. சிறுதொழில் பதிவு நம்பர் உள்ள பில்லு. ஓணத்துக்கு நம்பரோட வந்தா உங்க சரக்குதான் எடுப்பேன். இல்லேன்னா எனக்கு வேற ஆளைப் பார்க்கணும்."

ஓணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. அந்த ஒரு கடை போனால் எங்கள் மூன்று பேருக்கும் போக்கிடம் இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையேதான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் கிழக்கேகோட்டையில் ஓர் ஓட்டலில் தோசை மாஸ்டர். நல்ல மனிதர், ஆனால் ஆபீஸ் என்ற சொல்லைக் கேட்டாலே கைகட்டி நிற்கிற ரகம். மறுநாளே ஓர் ஏஜெண்டைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஏஜெண்டு கையில் ஒரு ரெக்சின் பை வைத்திருந்தார். அதில் இல்லாத விண்ணப்பப் பாரமே கிடையாது. டீயை ஆற அமரக் குடித்துவிட்டு என்னை விசாரித்தார்.

"சேச்சிக்கு இங்கே சொந்தமா இடம் உண்டோ? இல்லே. வீடு? அதுவும் இல்லே. தமிழ்நாட்டுக்காரியல்லே, ரொம்ப நடக்கணும். ஒரு வழி சொல்றேன். எனக்கு ஒரு சொந்தக்காரி உண்டு. அவ பேரில் பதிவு எடுக்கலாம். யாரு பேரானா என்ன, காரியம் நடந்தாப் போராதோ?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "மெஷின் யாரோடது?" என்று கேட்டேன்.

"உங்களுது."

"தைக்கது யாரு?"

"நீங்கதான்."

"அப்ப பேரு மட்டும் எதுக்கு உங்க சொந்தக்காரிக்கு?"

அவர் சிரித்துக்கொண்டே பையை மூடினார். வேண்டும்போது கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கூப்பிடாமல் எங்கே போவாய் என்பது அந்தச் சிரிப்பில் இருந்தது. அந்தச் சிரிப்புக்காகவே நான் இதை நானே செய்வது என்று முடிவு செய்தேன். பெரிய கொள்கை ஒன்றும் இல்லை, கோபம்தான்.

"ஏட்டி, வந்த மனுசன்கிட்ட இப்பிடியா பேசுவ?" என்றார் வீட்டுக்காரர். "ஆபீஸ்ல மலையாளத்துல கேட்டா என்னத்தச் சொல்லுவ?"

"அவங்க மலையாளத்துல கேக்கட்டும், நான் தமிழ்ல சொல்லுதேன். புரியலைன்னா எழுதிக் காட்டுதேன்."

சும்மா சொல்லவில்லை. எனக்கு மலையாளம் எழுதத் தெரியும். கல்யாணமாகி வந்த முதல் மாதம் கிழக்கேகோட்டையில் போர்டு படிக்கத் தெரியாமல் கரமனை பஸ் என்று நினைத்து விதுரா பஸ்ஸில் ஏறி, பாதி வழி போய், அழுதுகொண்டே திரும்பி வந்தேன். அடுத்த வாரமே பஸ் போர்டுகளைப் பார்த்து எழுத்துக் கற்க ஆரம்பித்தேன். ஊர்ப் பெயர்களில் ஆரம்பித்து, சுவரொட்டிக்கு வந்து, கடைசியில் பேப்பர் வரைக்கும் போய்விட்டேன். வாத்தியார் யாரும் கிடையாது.

பதிவு கொடுக்கும் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்ப் பாரம் வாங்கி வந்தேன். அங்கே ஜன்னலில் இருந்த பெண் குமாஸ்தா கோபப்படாத ஜன்மம். என்னென்ன வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதியே கொடுத்தார். பூர்த்தி செய்த பாரம், போட்டோ, முகவரிக்கு ரேஷன் கார்டு, கட்டடத்துக்குச் சொந்தக்காரர் கையெழுத்திட்ட சம்மதபத்திரம். நான்கே நான்குதான். இதற்கா ஒரு ஆள் ரெக்சின் பையைத் தூக்கிக்கொண்டு அலைகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பாரத்தின் முதல் வரி, தொழிலின் பெயர். மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தோம். சாமி பெயர் வைத்தால் எந்தச் சாமி என்று சண்டை வரும். கடைசியில் மூன்று பேர் பெயரிலிருந்தும் முதல் எழுத்தை எடுத்துச் சேர்த்தேன். வயதில் மூத்தவர் என்பதால் மாமியின் எழுத்து முன்னால், அடுத்து நெய்யாற்றின்கரைக்காரி, கடைசியில் நான். சேர்த்துச் சொன்னால் வாயில் நன்றாகவே நின்றது.

"எதுக்காக்கும் என்னோடத முதல்ல போடறே?" என்றார் மாமி. "நான் கழுத்துப்பட்டி தைக்கறவள். மெஷின் உன்னோடதோன்னோ?"

"கழுத்துதானே மாமி முதல்ல கண்ணுல படுது" என்றேன். மாமி நூலைக் கோக்கக் குனிந்துகொண்டார்.

அடுத்தது சம்மதபத்திரம். வீட்டின் சொந்தக்காரர் பக்கத்துக் காம்பவுண்டில் இருந்தார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், மலையாளி. எங்களோடு பேசும்போது பாதி தமிழில் பேசுவார். ஏழு வருஷமாக மரியாதைக்குக் குறைவில்லாமல் பழகியவர். வெள்ளைத்தாளில் பத்திரத்தை எழுதிக்கொண்டு, கூடவே ரேஷன் கார்டையும் எடுத்துப் போனேன். கார்டைக் காட்டச் சொல்லி அவர் கேட்கவே இல்லை. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்ற பெருமையில் நானே நீட்டினேன்.

அவர் கார்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டு போனார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இது எங்க தறவாட்டுப் பேராக்கும்" என்றார். "நீ எப்போ எங்க தறவாட்டுல பொறந்தே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ரேஷன் கார்டுக்குப் போனபோது, அங்கே இருந்தவர் வீட்டுப்பேர் என்ன என்று கேட்டார். எங்கள் ஊரில் வீட்டுக்குப் பெயர் கிடையாது. பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து, அத்தோடு சரி. இந்த ஊரிலோ ஒருவர் எந்தக் குடும்பம், எந்த வம்சம் என்பது முழுக்க வீட்டுப்பேரில் இருக்கிறது. அதைத்தான் தறவாடு என்கிறார்கள். எனக்கு அது எங்கே தெரிந்தது? வீட்டுப்பேர் கேட்கிறார்களே, நாம் குடியிருக்கிற வீட்டின் கேட்டில் பளிங்குக் கல்லில் ஒரு பெயர் இருக்கிறதே என்று அதைச் சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டார்கள். ஏழு வருஷமாக நானும் என் வீட்டுக்காரரும், மூன்று வருஷத்துக்கு முன் பிறந்த மகளும் வாத்தியாரின் வம்சத்தில் அரிசி வாங்கிக்கொண்டிருந்தோம்.

"தெரியாமச் சொல்லிட்டேன் சார்" என்றேன்.

அவர் நம்பவில்லை. அவருடைய சகோதரியின் வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் கோர்ட்டுக்குப் போய், இன்னும் வழக்கு முடியவில்லை. கார்டில் குடும்பப் பெயர், கையில் தொழிலுக்குச் சம்மதபத்திரம், இரண்டும் சேர்ந்தால் நாளைக்கு வீடே போய்விடும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கார்டை என் கையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"கையெழுத்து இடமாட்டேன். ஓணம் கழிஞ்சா நீங்க வேற வீடு நோக்கணும்."

வீட்டுக்கு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். மிதிக்கக் கால் வரவில்லை. பதிவு வாங்கப் போன இடத்தில் வீட்டையும் தொலைத்துவிட்டு வந்திருந்தேன். அவர் மேல் கோபம் வந்தது, பிறகு அதுவும் நிற்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் பயந்துதான் இருப்பேன்.

விஷயம் எப்படித்தான் போனதோ, இரண்டாம் நாள் ஏஜெண்டு வாசலில் நின்றார். வாத்தியாரின் கையெழுத்து ஒரு பிரச்சினையே இல்லை, தானே "ஏற்பாடு" செய்துகொள்வதாகச் சொன்னார். வாத்தியாரின் கையெழுத்தை இவர் போடுவாராம். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஒரு நிமிஷம் சபலம் தட்டியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓணத்துக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. பிறகு, இதைச் செய்தால் வாத்தியார் என்னைப் பற்றி நினைத்தது உண்மையாகிவிடும் என்று தோன்றியது. செய்யாத தப்புக்கு வாங்கிய பேரைச் செய்தே சம்பாதிக்க நான் தயாராக இல்லை. ஏஜெண்டுக்கு அன்றைக்கு டீ கூடக் கொடுக்கவில்லை.

ரேஷன் கார்டைத் திருத்த சப்ளை ஆபீசுக்குப் போனேன். அவர்கள் என் மற்ற காகிதங்களைக் கேட்டார்கள். பள்ளிச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து. பேங்க் பாஸ்புக்கில் வீட்டுக்காரரின் எழுத்து. கார்டில் வாத்தியார் வீட்டு எழுத்து. இந்த மூன்றும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீசர் சான்றிதழ் தர வேண்டும், அதற்குப் பிறகுதான் கார்டு என்றார்கள். அப்படி ஒரு சான்றிதழ் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பெயர் மாறி மாறி வந்தவர்கள் என்னைப் போல நிறையப் பேர் இருப்பார்கள் போலிருக்கிறது.

வில்லேஜ் ஆபீசுக்கு நான்கு தடவை நடந்தேன். நல்ல மழைக்காலம். காகிதங்களை நைட்டி போடும் பிளாஸ்டிக் கவரில் வைத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு போவேன். ஒரு நாள் ஆபீசர் இல்லை, ஒரு நாள் ஸ்டாம்ப் ஒட்டவில்லை, ஒரு நாள் அக்கம்பக்கத்தில் விசாரிக்க ஆள் வர வேண்டும். நான் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அடுத்து என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டு, அவர்கள் முன்னாலேயே எழுதிக்கொண்டு வந்தேன். எழுதிக்கொள்கிறவளை யாரும் சும்மா அலைக்கழிப்பதில்லை. அந்த நடையில் நான் கற்றது அது ஒன்றுதான்.

நான்காவது தடவை ஆபீசர் மூன்று காகிதங்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பினார்.

"இதுல யாரு நீங்க?"

"மூணு பேரும் நான்தான் சார்."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன். பள்ளிச் சான்றிதழில் உள்ளதுதான் என் பெயர் என்று எடுத்துக்கொண்டார். அப்பாவின் எழுத்து எனக்குத் திரும்பி வந்தது. அடுத்து, கார்டுக்கு வீட்டுப்பேர் என்ன போட வேண்டும் என்று கேட்டார்.

"எங்க ஊர்ல வீட்டுக்குப் பேரு கிடையாது சார். காலியா விட்டுருங்க."

"இங்கே காலி விடறது கஷ்டமாக்கும். நாளைக்கு ஸ்கூல்ல கேக்கும், ஆஸ்பத்திரியில கேக்கும். ஏதாவது ஒரு பேரு சொல்லுங்க. வேற ஆளோட பேரு வேண்டாம், கேட்டோ."

இனி வேறு ஆளின் பெயரை நான் தொடுவேனா? ஊர்ப் பெயரைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அந்த ஊரில் எனக்கு ஒரு சாண் மண் கிடையாது. மடியில் பிளாஸ்டிக் கவர் இருந்தது. அதில் தொழில் மையத்துப் பாரம், அதன் முதல் வரியில் நானே எழுதிய மூன்று எழுத்து. எனக்குச் சொந்தம் என்று இந்த ஊரில் சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். அதைச் சொன்னேன்.

"அங்ஙனெ ஒரு வீடு எங்கே இருக்கு?"

"மூணு தையல் மெஷின் இருக்க இடம் சார்."

"வீடு மாறினா?"

"மெஷினும் கூட வரும், பேரும் கூட வரும்."

 அவர் பேனாவைத் திறந்து எழுதினார். சீல் வைத்தார்.

புதுக் கார்டு கைக்கு வந்தபோது ஓணத்துக்கு மூன்று வாரம் கூட இல்லை. முத்திரைத்தாள் ஒன்று வாங்கினேன். பத்திரம் எழுதுபவர்களிடம் போகவில்லை. எனக்கும் என் வாரிசுகளுக்கும் இந்த வீட்டின் மேல் வாடகைக்கு இருப்பது தவிர வேறு எந்த உரிமையும் இல்லை, தெரியாமல் பதிந்த வீட்டுப்பேரைத் திருத்திவிட்டேன் என்று மலையாளத்தில் என் கைப்பட எழுதினேன். வாத்தியார் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே முழுவதையும் வாசித்தேன். கார்டை மேசையில் வைத்தேன்.

"ஏஜெண்டு எழுதினதோ?"

"இல்ல சார், நானே எழுதினது."

முத்திரைத்தாளை வாங்கி, கணக்கு நோட்டுத் திருத்துகிற மாதிரி விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். முடித்துவிட்டு, "எழுத்து தேவலை" என்றார். உள்ளே போய்ப் பேனா எடுத்துவந்து சம்மதபத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். வீடு காலி செய்வதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பும்போது எங்கள் வாடகை வீட்டுக் கேட்டில் இருந்த பளிங்குக் கல்லை ஒரு தடவை பார்த்தேன். அந்தப் பேரிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

தொழில் மையத்தில் அதற்குப் பிறகு ஒரு சிக்கலும் இல்லை. பெண் குமாஸ்தா நான்கு காகிதத்தையும் சரிபார்த்து, அடுத்த வாரம் வரச் சொன்னார். போனேன். மேலே மூன்றெழுத்துப் பெயர், உரிமையாளர் என்ற இடத்தில் அப்பாவின் எழுத்தோடு என் பெயர், கீழே நம்பர். ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்து நான்கு தடவை படித்தேன். சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்ப ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சனிக்கிழமை கடைக்காரர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பையை அவிழ்த்தார். ஓணத்துக்கு முதல் நாள் வரை மூன்று மெஷினும் ஓயவில்லை.

பிறகு பத்து வருஷத்துக்கு மேல் தொழில் ஓடியது. வீடு இரண்டு தடவை மாறினோம், மெஷின்களும் பேரும் கூட வந்தன. மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது டீச்சர் ரேஷன் கார்டைப் பார்த்து, அந்த ஊர் வழக்கப்படி வீட்டுப்பேரின் முதல் எழுத்தை அவள் பெயருக்கு முன்னால் எழுதினார். நான் தடுக்கவில்லை.

"என் எழுத்து எங்கட்டி?" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க ஏஜெண்டு கூட நின்னவராச்சே" என்றேன். ஒரு வாரம் இதைச் சொல்லியே அவரைக் கேலி செய்தேன்.

மகள் பத்தாம் வகுப்பு பாஸ் செய்து சான்றிதழ்ப் புத்தகத்தை வாங்கி வந்த அன்றைக்கு, அவளைக் கூட்டிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனேன். மாமிக்கு அப்போது கண்பார்வை மங்கி, தைப்பதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகள் மார்க்கை வாசிக்க ஆரம்பித்தாள். மாமி, அதெல்லாம் இருக்கட்டும், முதல் பக்கத்தைக் காட்டு என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். மகளின் பெயருக்கு முன்னால் தனியாக நின்ற எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது என்னோட எழுத்தோன்னோ?"

"ஆமா மாமி. உங்களோடதுதான்."

மாமி விரலை எடுக்கவில்லை. தன் எழுத்தை எதற்கு முதலில் போடுகிறாய் என்று கேட்டவர்தான். புடவைத் தலைப்பால் கண்ணாடிக்குக் கீழே துடைத்துக்கொண்டார். புத்தகத்தை மூடி என் மகளின் இரண்டு கையிலும் வைத்தார்.

"நனையாம வெச்சுக்கோடி கொழந்தே" என்றார். "உங்கம்மா நடந்து வாங்கினதாக்கும்."